பால் பைத்தானும் அரை லிட்டர் பாலும்

நைட் ஷிப்ட் முடிச்சு வந்து அப்பதான் கண்ணசந்தேன். போன் டிங்குன்னுச்சு.

கூட வேலை பாக்குற பையன் ஒரு போட்டோ அனுப்பியிருக்கான். பழைய பெயிண்ட் பக்கெட். அடியில ரெண்டு இன்ச் மணல். மேல தடியா, மழமழன்னு, செங்கல் கலர்ல ஒரு மண்ணுளிப் பாம்பு. கீழ ஒரு வரி.

"அண்ணே, ஸ்கிராப் யார்டுல கெடச்சுது. உங்களுது மாதிரியே இருக்கு. இதுக்கு என்ன சாப்பாடு போடணும்?"

தூக்கம் போயே போச்சு.

உடனே கூப்பிட்டேன். "அதுக்கு நீ சாப்பாடு போட வேணாம்டா. அதை வச்சிருந்தா உனக்குத்தான் புழல்ல சாப்பாடு போடுவாங்க."

(மண்ணுளின்னா சிலருக்கு வாயில எச்சில் ஊறும். ரெட்டைத்தலைப் பாம்பு, கோடிக்கு விலை போகும், புதையல் காட்டும்னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்திக்கிட்டிருக்கு. அதுக்கு இருக்கறது ஒரே தலைதான். வால் மொண்ணையா, பாக்கத் தலை மாதிரியே இருக்கும். எதிரி வந்தா நிஜத் தலையை மறைச்சுக்கிட்டு வாலைக் காட்டி ஏமாத்தும். அதுல ஏமாந்ததுல மனுஷங்கதான் ஜாஸ்தி.)

நம்ம ஊர்ப் பாம்பைப் பிடிச்சு வீட்டுல வளக்கறது சட்டப்படி குத்தம். 1972லேருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. இது தெரியாமத்தான் அந்தப் பையன் பக்கெட்டுல மணல் எல்லாம் கொட்டி வச்சிருக்கான். வனத்துறைக்குப் போன் பண்ணச் சொன்னேன், வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. விஷயம் முடிஞ்சது.

எனக்குத்தான் ஆத்திரம் அடங்கல. அவன் மேல இல்ல. இந்தப் பாம்பு ஆசையை ஆலை பூரா பரப்பி விட்டதே நான்தான். சிப்காட் கேன்டீன்ல உக்காந்து 'என் பாம்பு, என் பாம்பு'ன்னு அளந்துவிட்டது யாரு? அந்தப் பாம்பு வந்த புதுசுல 48 நாள் பட்டினி கிடந்து என்னைப் பாடாப் படுத்தினதை மட்டும் யார்கிட்டயும் சொல்லல. இப்பச் சொல்லிடறேன்.

என்கிட்ட இருக்கறது பால் பைத்தான். மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்காப் பக்கத்து ஆளு. கானா, டோகோ, பெனின் அந்த வட்டாரம். மலைப்பாம்பு சாதிதான், ஆனா நாலஞ்சு அடிக்கு மேல போறது அபூர்வம். விஷம் கிடையாது. பயந்துட்டா தலையை நடுவுல வச்சுக்கிட்டு உடம்பைச் சுத்திப் பந்து மாதிரி ஆயிடும். அதனால 'பால்'. ஆயுசு 20, 30 வருஷம். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில ஒண்ணு, 60 வயசையும் தாண்டி 2020ல முட்டை போட்டுச்சு. அதுவும் பல வருஷமா ஆண் பாம்பே பக்கத்துல இல்லாம. இதை வீட்டம்மாகிட்ட ஆச்சரியமாச் சொன்னேன்.

"கவரைப்பேட்டை மனை லோனே 15 வருஷம்தாங்க"ன்னாங்க.

எனக்கு இதைக் குடுத்தது சென்னையில இருந்த ஒரு நண்பர். வேலைக்காக வெளிநாடு போறவர். பேப்பர் எல்லாம் பக்கா. இதை அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 2020 ஜூன்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளிநாட்டு உயிரினம் வச்சிருக்கறவங்களைத் தாமா முன்வந்து கணக்குக் காட்டச் சொன்னாங்க. அப்புறம் 2022ல சட்டத்தையே திருத்தினாங்க, 2024ல அதுக்குத் தனி விதி வந்துச்சு. பால் பைத்தான் வச்சிருந்தா பரிவேஷ் இணையதளத்துல பதியணும். கை மாறினாலும் சொல்லணும், முட்டை பொரிச்சாலும் சொல்லணும், செத்தாலும் சொல்லணும். (ரேஷன் கார்டு மாதிரிதான்.) 'பேப்பர் எதுக்கு சார், நாங்க தரோம்'னு ஒருத்தன் சொன்னா, அந்தக் குட்டி எப்படி வந்துச்சுன்னு யோசிங்க. 2023 ஜனவரியில சென்னை ஏர்போர்ட்டுல பாங்காக்லேருந்து வந்த ரெண்டு பை கேட்பாரில்லாம கிடந்துச்சு. திறந்து பாத்தா 45 பால் பைத்தான். கூட எட்டு கார்ன் ஸ்னேக், மூணு குட்டிக் குரங்கு, மூணு நட்சத்திர ஆமை. சூட்கேஸுக்குள்ள வர்ற உயிர்ல எத்தனை மிஞ்சும், சொல்லுங்க.

சரி, கதைக்கு வரேன்.

ஜூன் 1, ஞாயித்துக்கிழமை. ஜி.என்.டி. ரோடு. பாம்பு துணிப்பைக்குள்ள. துணிப்பை, காத்துக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள. டப்பா வீட்டம்மா மடியில. ("கால்கிட்ட வச்சா நான் கார்லயே ஏறமாட்டேன். மடியில இருந்தாத்தான் எங்க இருக்குன்னு தெரியும்." இந்த நியாயத்துக்கு என்கிட்ட இன்னி வரைக்கும் பதில் இல்ல.) செங்குன்றம் தாண்டி காரனோடையில டீக்கு நிறுத்தினோம். டீ மாஸ்டர் டப்பாவைப் பாத்துட்டு, "என்னம்மா அது, இவ்வளவு பத்திரமா?"ன்னார்.

வீட்டம்மா யோசிக்கவே இல்ல. "போண்டாண்ணே."

மனுஷன் முகம் சுருங்கிடுச்சு. பின்னாடி தட்டு நிறைய சுடச்சுட போண்டா அடுக்கி வச்சிருக்கார், பாவம்.

பேர் அங்கயே முடிவாயிடுச்சு. போண்டா.

முதல் தப்பு அன்னிக்குச் சாயங்காலமே பண்ணேன். ஷிப்ட் பசங்க அஞ்சு பேர் வந்துட்டாங்க. கையில வச்சு, தோள்ல போட்டு, ஆளாளுக்கு செல்ஃபி. போண்டா அரை மணி நேரமும் பந்தாவே கிடந்துச்சு. "எவ்வளவு சாது பாருடா"ன்னு நான் வேற பெருமையடிச்சேன். சாது இல்லீங்க அது. பயத்துல உறைஞ்சு போயிருக்கு. புது இடத்துக்கு வந்த பாம்பைக் குறைஞ்சது ஒரு வாரம் தொடக்கூடாது, தண்ணி மாத்தறதுக்குத் தவிர கூண்டைத் திறக்கவே கூடாதுன்னு நண்பர் சொல்லித்தான் அனுப்பினார். கேட்டுக்கிட்டேன். (கேட்டுக்கிட்டேன்னா காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம்.)

ரெண்டாவது தப்பு இன்னும் அழகு. ஆறு மாசமா வீடியோ பாத்துக் கத்துக்கிட்டவன் நான். வீடியோ போடறவன் கனடாவுலயும் இங்கிலாந்துலயும் உக்காந்திருக்கான். ஜன்னலுக்கு வெளியில பனி. 'பாம்புக்கு வெப்பம் முக்கியம், அடியில ஹீட்டர் பாய் வைங்க'ன்னு சொல்றான். நானும் ஆன்லைன்ல தேடிப் பிடிச்சு ஒண்ணு வாங்கினேன்.

கத்திரி முடிஞ்ச நாலாவது நாள். கும்மிடிப்பூண்டியில. ஹீட்டர்.

நம்ம ஊர் ஜூன் மாசத்தைப் பத்திச் சொல்லணுமா? மேல வெயில், சுத்தி ரோலிங் மில். ராத்திரி பத்து மணிக்கும் ஹால்ல 34 டிகிரி. போண்டாவுக்கு வேண்டியது ஒரு பக்கம் 31, 32. இன்னொரு பக்கம் 26 மாதிரி. சூடு வேணும்னா இங்க, குளிர்ச்சி வேணும்னா அங்கன்னு அதுவே நகந்துக்கும். நான் ரெண்டு பக்கமும் ஒரே அடுப்பா ஆக்கி வச்சிருந்தேன். போண்டா நாள் பூரா தண்ணித் தொட்டிக்குள்ளயே கிடந்துச்சு. நான் அதையும் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன்: 'நீச்சல் குளத்தில் போண்டா.'

வீட்டம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "நீங்க மே மாசம் பக்கெட் தண்ணியில காலை விட்டுக்கிட்டு உக்காருவீங்களே, அதை நீச்சல்னா சொல்வீங்க?"

ஹீட்டரைப் பிடுங்கினேன்.

இந்த லட்சணத்துல மூணாம் நாளே சாப்பாடு போட்டேன். எலிதான், வேற என்ன. சென்னையில வளக்குறவங்ககிட்ட வாங்கின, உறைய வச்ச எலி. எங்க வீட்டு ஃப்ரீசர்ல ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்துல கறுப்புக் கவர்ல அது உக்காந்திருக்க, ரெண்டு நாள் எனக்கும் வீட்டம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. மூணாம் நாள் அவங்களே மூடி போட்ட டப்பா ஒண்ணு குடுத்து, மேல ஸ்கெட்ச் பேனாவால எழுதி ஒட்டிட்டாங்க: 'திறக்காதே. சமையலுக்கு இல்லை.' (அவங்க தம்பி வந்தப்போ திறந்துட்டான். திறக்காதேன்னு எழுதினா திறக்காம இருக்கற ஜாதியா நாம?)

உயிருள்ள எலியைப் போடலாமேன்னு கேப்பீங்க. பாம்பு பசியில்லாம இருந்தா எலி சும்மா இருக்காது, பாம்பைக் கடிச்சுக் குதறிடும். கண்ணு போன பாம்பெல்லாம் உண்டு. அதனாலதான் உறைய வச்சது. அது பாதுகாப்பு. ஆனா அதை உயிருள்ளது மாதிரி நடிக்க வைக்கணும், அங்கதான் வித்தை. நான் வெந்நியில பத்து நிமிஷம் போட்டு எடுத்தேன். மேல மெத்துன்னு இருந்துச்சு, உள்ள ஐஸ். இடுக்கியில பிடிச்சு மூக்குக்கு முன்னாடி ஆட்டினேன். போண்டா மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. மறுபடி ஆட்டினேன். பந்தா ஆயிடுச்சு. நான் விடல, முக்கால் மணி நேரம் ஆட்டினேன். சோறு வேணாம்னு அழற குழந்தையைத் துரத்தித் துரத்தி ஊட்டற அம்மாக்களை நான் எவ்வளவோ கிண்டல் பண்ணியிருக்கேன். இனிமே பண்ணமாட்டேன்.

இந்த நேரத்துலதான் மாடி வீட்டம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சுது. வீட்டு ஓனர். பெரியபாளையம் பவானி அம்மன் பக்தை. பாம்புன்னதும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு நடுங்கிக்கிட்டே சொன்னேன்.

"என்ன பாம்பு தம்பி?"

"பால் பைத்தான்மா."

"அட, பால் பாம்பா! பால் வச்சியா?"

"இல்லம்மா, அந்தப் பால் இல்ல. பால்னா பந்து."

"பந்தெல்லாம் எதுக்கு தம்பி, முதல்ல பாலை வை. பட்டினி போடாதே. பாவம் சுத்தும்."

அரை மணி நேரம் விளக்கினேன். பாம்பு பால் குடிக்காதும்மா, அதைச் செரிக்கற சக்தியே அதுக்குக் கிடையாது. நாகபஞ்சமிக்குப் பாம்பாட்டி கொண்டு வர்ற பாம்பு குடிக்குதேன்னா, பல நாள் தண்ணி காட்டாம தவிக்க விட்டுக் கொண்டு வருவாங்க. தாகத்துல எதை வச்சாலும் குடிக்கும். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாங்க. கடைசியில, "அப்ப முட்டை?"

(அவங்களை முழுசாத் தப்பு சொல்லவும் முடியாது. போண்டாவோட சொந்தக்காரங்க ஆப்பிரிக்காவுல குடியிருக்கறது எலி வளையிலயும் கறையான் புத்துலயும்தான். பெனின் நாட்டுல பைத்தானுக்குக் கோயிலே இருக்கு. ஊர் பேர் வீடா. ராத்திரியில பாம்புங்களை வெளிய விடுவாங்களாம், யார் வீட்டுக்குள்ளயாவது புகுந்துட்டா மரியாதையாக் கொண்டு வந்து கோயில்ல விட்டுடுவாங்களாம். மாடி வீட்டம்மாவை அங்க கூட்டிட்டுப் போனா ரெண்டே நாள்ல தர்மகர்த்தா ஆயிடுவாங்க.)

ரெண்டாவது தடவையும் வேணாம்னுடுச்சு. மூணாவது தடவையும். நடுவுல சூட்டுக்குப் பயந்து பெட்ரூமுக்கு மாத்தி ஏசி போட்டேன். டிகிரி சரியாச்சு, காத்து காஞ்சு போச்சு. ஒருநாள் பாத்தா கண்ணு ரெண்டும் பால் ஊத்தினாப்ல நீலம் பாரிச்சுக் கிடக்கு. குருடாயிடுச்சுன்னு பதறிட்டேன். சட்டை உரிக்கறதுக்கு முன்னாடி எல்லாப் பாம்புக்கும் அப்படித்தான் ஆகும். அந்த நேரத்துல கண்ணு சரியாத் தெரியாது, சாப்பிடவும் பெரும்பாலும் சாப்பிடாது. நான் அப்பவும் எலியை ஆட்டிக்கிட்டு நின்னேன்னு சொன்னா நம்புவீங்கள்ல?

சட்டை முழுசா ஒரே உறையா கழண்டு வரணும். போண்டாவுக்குத் துண்டு துண்டா, சுவத்துல கிழிச்ச போஸ்டர் மாதிரி ஒட்டிக்கிட்டிருந்துச்சு. ஏசியோட கைங்கர்யம். ஈரத்துணிக்குள்ள விட்டு அதுவே ஊர்ந்து உரிச்சுக்க வச்சோம். 'வச்சோம்'னா, துணியைப் பிடிச்சது வீட்டம்மா. எனக்குக் கை நடுங்கிச்சு.

ஒரு மாசம் ஓடிப்போச்சு.

ஆலையில ஆளுக்கொரு யோசனை. ஸ்டோர்ஸ்காரர், "குடோனுக்கு வாங்க, டஜன் கணக்குல தரேன்"னார். குடோன் எலி வேணவே வேணாம். எந்த மூலையில என்ன எலிமருந்தைத் தின்னுச்சோ யாருக்குத் தெரியும். அந்த எலியைத் தின்னா பாம்புக்கும் ஏறும். புழு பூச்சி தனி. ஆக, எலித் தொல்லையில ஊரே அழற இடத்துல உக்காந்துக்கிட்டு, எலியை ஐஸ் பெட்டியில சென்னையிலேருந்து வரவழைக்கற ஒரே ஆளு நான்தான்.

கிரேன் ஓட்டற தம்பி ஒருத்தர் இருளர். "அவரைக் கேளு, அவருக்குத் தெரியாத பாம்பா"ன்னாங்க எல்லாரும். நானும் யோசிக்காம போய்க் கேட்டுட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தார்.

"அண்ணே, பாம்பு பிடிச்சது எங்க தாத்தா. நான் ஐடிஐ. எனக்குப் பாம்புன்னாலே ஆகாது."

சுருக்குன்னு இருந்துச்சு. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிச்சுட்டார். டீ குடிச்சுக்கிட்டே தாத்தா வயல்ல எலி பிடிச்ச கதையைச் சொன்னார். ஒரு பானை, அடியில சின்ன ஓட்டை. உள்ள வைக்கோலைப் போட்டு நெருப்பு வச்சு, பானை வாயை வளைக்கு நேராக் கவுத்து, ஓட்டை வழியா ஊதினா புகை பூரா வளைக்குள்ள. அப்புறம் வளையைத் தோண்டினா எலியோட எலி சேத்து வச்ச நெல்லும் கிடைக்கும். "பாம்பைப் பத்திக் கேக்கணும்னா வடநெம்மேலிக்குப் போங்கண்ணே. அங்க இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

நான் போறதுக்குள்ள வீட்டுல வேற பிரச்சினை. வீட்டம்மா ஒரு நாள் மெதுவா ஆரம்பிச்சாங்க. "கண்ணு முன்னாடி பட்டினியாக் கிடக்கறதைப் பாக்க முடியலைங்க. தேர்வாய் கண்டிகை ஏரிப் பக்கம் கொண்டு போய் விட்டுட்டா, அது பாட்டுக்குப் பொழைச்சுக்காதா?"

கோவம் வரல. நிறைய பேர் இப்படித்தான் நினைக்கறாங்க. அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல நினைச்ச மாதிரியே பண்ணாங்க. வளக்க முடியாத பர்மா மலைப்பாம்பைச் சதுப்புக் காட்டுல விட்டாங்க, சிலது தானே தப்பிச்சுது. அது பெருகி, அந்தக் காட்டுல இருந்த முயல், ரக்கூனை எல்லாம் தின்னு தீத்துச்சு. என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டு 2017ல யாரைக் கூப்பிட்டாங்க தெரியுமா? நம்ம மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். இருளர் பாம்புப் பிடிப்போர் சங்கத்துக்காரங்க. அங்க போய் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஆகியிருக்கும், அதுக்குள்ள 13 மலைப்பாம்பு. அதுல ஒண்ணு 16 அடி. ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ கிடைச்சுது.

"நாம ஒண்ணை விட்டுட்டு வந்தா, அவங்களை மறுபடி ஆரணி ஆத்துக்குக் கூப்பிடணும்"னேன்.

"கூப்பிட்டா நம்ம ஊருக்குப் பெருமைதானே"ன்னாங்க. ஆனா அந்தப் பேச்சு அதோட நின்னுச்சு.

சென்னையில ஊர்வன பாக்கற டாக்டர்கிட்ட கொண்டு போனேன். அவர் வாயைத் திறந்து பாத்தார், வயித்தைத் தடவிப் பாத்தார், எடை கேட்டார். வந்த அன்னிக்கு 612 கிராம். அப்போ 591. (சமையல்கட்டு தராசுலதான் போட்டேன். அதுவும் ஒரு சண்டை.) "ஒரு மாசத்துல 21 கிராம்தானே குறைஞ்சிருக்கு? இந்த ஜாதி மாசக்கணக்குல சாப்பிடாம இருக்கும். அதுக்கு நோய் இல்ல. நீங்க எத்தனை நாளுக்கு ஒரு தடவை போடறீங்க?"

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ட்ரை பண்றேன் டாக்டர்."

அவர் ஒண்ணும் சொல்லல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "பத்து நாள் அந்தப் பக்கமே போகாதீங்க."

வர்ற வழியில (வழியே இல்ல, அப்படியே எதிர்த் திசை) ஈ.சி.ஆர். பிடிச்சு, கோவளம் தாண்டி வடநெம்மேலிக்குப் போனோம். முதலைப் பண்ணைக்குள்ளயே இருக்கு இருளர் சங்கம். பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகர் கூட சேந்து 1978ல ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி இதே ஆளுங்க தோல் வியாபாரிக்குப் பாம்பு பிடிச்சுக் குடுத்துக்கிட்டிருந்தாங்க. 1972 சட்டம் வந்து அந்தப் பொழைப்பு நின்னப்புறம், கொல்லாம விஷம் எடுத்து, பாம்புக்கடி மருந்துக்குக் குடுக்கற வேலையா மாத்திக்கிட்டாங்க. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை, இந்த நாலும்தான். நாலு தடவை விஷம் எடுத்துட்டு, வயித்துச் செதில்ல அடையாளம் வெட்டி, காட்டுலயே விட்டுடுவாங்க.

மத்தவங்க எல்லாம் விஷம் எடுக்கறதைப் பாத்தாங்க. என் கண்ணு பானைங்க மேலயே இருந்துச்சு.

மண்பானை. வரிசை வரிசையா. நிழல்ல, அரை இருட்டுல. ஒவ்வொண்ணு வாயிலயும் பருத்தித் துணி கட்டியிருக்கு. உள்ள ஒரு பாம்பு. கண்ணாடி கிடையாது, எல்.இ.டி. லைட்டு கிடையாது, பிளாஸ்டிக் செடி கிடையாது. இந்தியாவிலேயே கோவக்காரப் பாம்புங்க எல்லாம் அதுக்குள்ள சத்தமே இல்லாம கிடக்கு. என் சாதுப் பாம்புக்கு நான் ஹால்ல, டிவிக்குப் பக்கத்துல, மூணு பக்கமும் கண்ணாடி போட்டு ஜவுளிக்கடை பொம்மை மாதிரி இடம் குடுத்திருக்கேன். ஒளிஞ்சுக்க ஒரு மரக்குகை, 1,800 ரூபா. போண்டா ஒரு நாள் கூட அதுக்குள்ள போகல. ஏன்னு இப்பப் புரிஞ்சுது. வாசல் என் தலை போற அளவுக்கு இருந்துச்சு. பாம்புக்கு இடம் தாராளமா இருந்தா பயம். உடம்பு நாலு பக்கமும் இடிக்கணும்.

பொன்னேரியில பானைக் கடையில நின்னு, 90 ரூபாய்க்கு ஒரு சின்ன மண்சட்டி. விளிம்புல அரை வட்டமா வாசல் உடைச்சு, ஆலையிலேருந்து கொண்டு வந்த உப்புத்தாள்ல கூர் போகத் தேச்சேன். கவுத்து வச்சேன். அடியில ஈரமாக்கின தேங்காய் நார்த்தூள். (இதையும் சொல்லிடறேன். கனடாக்காரன் வீடியோவுல தங்கம் மாதிரிக் காட்டற 'இறக்குமதி தேங்காய் நார்' இருக்கே, அது பொள்ளாச்சிப் பக்கத்துலேருந்து கப்பல் ஏறிப் போற சரக்கு. இங்க செங்கல் செங்கலா கிடைக்குது.) சட்டி மேல தினம் ரெண்டு கை தண்ணி தெளிச்சா உள்ள ஊட்டி. தொட்டியை ஹால்லேருந்து தூக்கி ஸ்டோர் ரூமுக்கு மாத்தினேன். மூணு பக்கக் கண்ணாடிக்கும் செய்தித்தாள் ஒட்டினேன். முன்பக்கம் என் பழைய லுங்கி.

அன்னிக்கு ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தேன். (பாக்கக்கூடாதுதான்.) சட்டிக்குள்ள போயிடுச்சு. வாசல்ல மூக்கு நுனி மட்டும் வெளிய.

அப்புறம் பாக்கல. பத்து நாள். இந்த மொத்தக் கதையில கஷ்டமான வேலை அதுதான். தண்ணியை மட்டும் வீட்டம்மா மாத்தினாங்க, ஏன்னா எனக்கு அந்த ரூமுக்குள்ள நுழைய அனுமதி இல்ல. ஷிப்ட்லேருந்து வந்ததும், "எப்படி இருக்கு?"

"இருக்கு."

"வெளிய வந்துச்சா?"

"தூங்குங்க."

ஜூலை 18. ஆடி முதல் வெள்ளி. எண்ணிப் பாத்தா 48ஆவது நாள், சரியா ஒரு மண்டலம். மாடி வீட்டம்மா காலையிலயே பெரியபாளையம் பஸ் ஏறிட்டாங்க. "உன் பாம்புக்கும் சேத்து வேண்டிக்கறேன் தம்பி"ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க.

ராத்திரி ஒன்பதரை. முந்தின நாளே எலியை ஃப்ரீசர்லேருந்து எடுத்து ஃப்ரிட்ஜ் அடித்தட்டுல வச்சு, உள்ள வரைக்கும் இளக விட்டாச்சு. அப்புறம் ஜிப் கவர்ல போட்டு, கை பொறுக்கற வெந்நியில இருபது நிமிஷம். ஈரம் போகத் துடைச்சு, கடைசியா தலைக்கு மட்டும் ஹேர் டிரையர். பைத்தானுக்கு மேலுதட்டுல வரிசையாச் சின்னக் குழி இருக்கு, அதுலதான் சூட்டைப் 'பாக்கும்'. இருட்டுல அதுக்குத் தெரியறது எலியோட உருவம் இல்ல, வெதுவெதுன்னு ஒரு தலை. (ஹேர் டிரையர் யாருதுன்னு கேக்காதீங்க. இப்ப அவங்களுக்குப் புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தாச்சு.)

லைட்டை அணைச்சேன். லுங்கியை ஓரமா விலக்கினேன். நீள இடுக்கியில பிடிச்சு, சட்டி வாசலுக்கு ஒரு ஜாண் தள்ளி வச்சேன். ஆட்டல.

மூக்கு நுனி வந்துச்சு. நாக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை. கழுத்து மெதுவா 'எஸ்' மாதிரி வளைஞ்சு, அப்படியே நின்னுச்சு. நான் மூச்சு விடல. வெளிய ஹைவேயில ஒரு டிரெய்லர் ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு, போச்சுடான்னு நினைச்சேன்.

டப்.

பாத்தேன்னு சொல்ல முடியாது. இடுக்கி கையில ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அடுத்த நொடி எலியைச் சுத்தி மூணு சுருள். செத்த எலியைத்தான் அந்த நெருக்கு நெருக்குது. கொஞ்ச நேரம் கழிச்சு சுருள் தளந்துச்சு. தலைப்பக்கமாத் தேடிப் பிடிச்சு, ஒரு பக்கத் தாடை முன்னால, இன்னொரு பக்கத் தாடை முன்னாலன்னு, வாயே நடந்து போற மாதிரி எலி மேல ஏறிச்சு. பாதியில, வாயோட அடியிலேருந்து ஒரு சின்னக் குழாய் வெளிய நீட்டி நிக்குது. மூச்சுக்குழாய். வாய் நிறைய சாப்பாடு இருந்தாலும் மூச்சு விட அது ஒரு ஏற்பாடு. (நம்ம கல்யாணப் பந்தியில சில பேருக்கு இது இருந்தா உபயோகமா இருக்கும்.) பன்னிரண்டு நிமிஷம். கடைசியா வால். அப்புறம் பெரிசா ரெண்டு கொட்டாவி விட்டு, விலகின தாடையைச் சரி பண்ணிக்கிட்டு, சட்டிக்குள்ள போயிடுச்சு.

நான் திரும்பினா, எனக்குப் பின்னாடி இருட்டுல வீட்டம்மா நிக்கறாங்க. எப்ப வந்தாங்கன்னே தெரியல.

"தொடாதீங்க. ரெண்டு நாளைக்குத் தொட்டா கக்கிடும்"னாங்க. நானே அவங்களுக்குச் சொன்னதுதான்.

மறுநாள் காலையில ஏழு மணிக்குக் கதவு தட்டற சத்தம். மாடி வீட்டம்மா. நெத்தி நிறைய குங்குமம், கையில வேப்பிலை, ஒரு பச்சைப் பாக்கெட் ஆவின்.

"சாப்பிட்டுச்சா தம்பி?"

"சாப்பிட்டுச்சும்மா. நேத்து ராத்திரிதான்."

"நேத்து எத்தனை மணிக்கு?"

"ஒம்பதரை இருக்கும்."

கண்ணை மூடிக் கணக்குப் போட்டாங்க. "நான் வீட்டுக்கு வந்து விளக்கேத்தின நேரம்." பால் பாக்கெட்டைக் கையில திணிச்சாங்க. "இப்பவாவது வை."

சட்டியைச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். லுங்கி, ஹேர் டிரையர், மேலுதட்டுக் குழி, எல்லாத்தையும் வரிசையாச் சொல்லலாம்னு. வீட்டம்மா பின்னாலேருந்து என் முதுகுல ஒரு குத்து விட்டாங்க.

"சரிம்மா, வச்சுடறேன்"னேன்.

கெட்டிப் பால். இஞ்சி தட்டிப் போட்டு டீ போட்டோம். மாடிக்கும் ஒரு டம்ளர் போச்சு.